ஸ்பேனரின் இடத்தில் டிரில்லிங் மெஷின்

ஸ்பேனர் தொங்க வேண்டிய இடத்தில் டிரில்லிங் மெஷின் தொங்கியது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இதற்கெல்லாமா ஒருத்தி பயப்படுவாள் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள். அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப் பேர் மாடி ஏறி இறங்கியதே தன் கைவேலையால்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. கார் இருந்த காலத்திலேயே எங்கள் கார் ஷெட்டில் காருக்கு இடம் கிடையாது. அது வெயிலிலும் மழையிலும் வெளியே நின்று துருப்பிடித்து, கடைசியில் வந்த விலைக்குப் போனது. ஷெட்டுக்குள் சொகுசாக இருந்தவை சுத்தியலும் ரம்பமும்தான்.

சுவரை அடைத்து ஒரு பிளைவுட் பலகை. ஒவ்வொரு சாமானையும் அதன்மேல் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, அந்தக் கோட்டின்மேல் கறுப்பு பெயிண்ட் இழுத்திருப்பார். எதை எடுத்தாலும் அதன் உருவம் பலகையில் காலியாக நிற்கும். வேலை முடிந்ததும் அது அந்தக் கோட்டுக்குள் திரும்பியாக வேண்டும். லிஃப்டின் மேல் ஒரு ஸ்பேனரை மறந்து வைத்துவிட்டு வந்தால் கீழே நிற்கிறவன் தலை போய்விடும் என்று கம்பெனியில் படித்த பாடத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். மெஷின்கள் மேல் வரிசை. ரம்பம், சுத்தியல், உளி நடு வரிசை. ஸ்பேனரும் டேப்பும் கீழ் வரிசை. மகன் சின்னப் பையனாக இருந்தபோது அவன் கைக்கு எட்டக் கூடாது என்று மெஷின்களை மேலே ஏற்றியவர், அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகும் இறக்கவில்லை.

சாமான்களுக்குப் பேர் வேறு வைத்திருந்தார். வெட்டும்போது பொறி பறக்கிற கட்டிங் மெஷின் 'கோபக்காரன்'. டிரில்லிங் மெஷின் 'பெரியவர்'. முதல் சம்பளத்தில் வாங்கியதாம். என்னைக் கட்டுவதற்கு முன்பே இந்த வீட்டுக்கு வந்துவிட்டதால் நான் அதை 'மூத்தாள்' என்பேன். மூத்தாளைத் துடைத்து எண்ணெய் போடுகிற கையால் எனக்கு ஒரு தலைவலித் தைலம் தேய்த்துவிட்டதுண்டா என்று கேட்டால், சிரித்துக்கொண்டே எழுந்து போய்விடுவார். நான் ஒருமுறை திருப்புளி, அதான் ஸ்குரூ டிரைவர், என்று நினைத்து அவருடைய உளியை எடுத்து பெயிண்ட் டப்பா மூடியை நெம்பிவிட்டேன். அதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவளுக்கு உளிக்கும் திருப்புளிக்கும் வித்தியாசம் தெரியாது" என்று சொல்லி மானத்தை வாங்குவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் பெரியவரைக் கொண்டுபோய் ஸ்பேனரின் கோட்டுக்குள் மாட்டியிருந்தார்.

அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. செருப்பைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தார். சாவியை அரிசிப் பானையில் போட்டார். கடைசியில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, ஸ்பூனைத் தூக்கிப் பிடித்து, இது எதற்கு என்று கேட்டார். அவரைக் குளிப்பாட்டி, உடுத்தி, கூடவே இருந்து பார்த்துக்கொண்டது என் வீட்டுக்காரர்தான். ஒருநாள் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அண்ணன் நிமிர்ந்து பார்த்து, "நீங்க யாரு, ரொம்ப நல்லவரா இருக்கீங்க" என்றார். அன்றைக்கு ஈரக் கையோடு வந்து அடுப்படியில் நின்றவர் சொன்னார்: "எனக்கு எந்த வியாதி வேணும்னாலும் வரட்டும். இது மட்டும் வரக் கூடாது."

அதனால்தான் எனக்கு அப்படிப் பயம் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? டிரில்லிங் மெஷினை எடுத்து, முக்காலியைப் போட்டு ஏறி, மேல் வரிசையில் அதன் கோட்டுக்குள் மாட்டினேன். மேஜை டிராயரில் கிடந்த ஸ்பேனரை அதன் இடத்தில் மாட்டினேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தேன்.

மகனுக்குத் தெரியக் கூடாது. அதுதான் என் கணக்கு. அவன் இருப்பது வேறு ஊரில். மழைக்காலத்தில் இவர் கூரை ஓரத்துத் தகரக் குழாயில் அடைத்த இலையை எடுக்க ஏணியில் ஏறி, சறுக்கி விழுந்தார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று எழுந்து நடந்துவிட்டார். ஆனால் பக்கத்து வீட்டு டீச்சர் போன் போட்டுச் சொல்லி, அவன் மறுநாளே ஓடிவந்தான். அப்பாவை நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினான்.

"இனிமே அங்க வலிக்குது, இங்க வலிக்குதுன்னு ஒரு வார்த்தை கேட்டேன், ஷெட்ல இருக்கிற அத்தனையையும் மூட்டை கட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். பெரியப்பாவைப் பாத்த மாதிரி உங்களையும் பாக்க என்னால முடியாதுப்பா."

சொன்னதைச் செய்கிற பிள்ளை. அந்த ஷெட்டைக் காலி செய்தால் இவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியும். சும்மா உட்கார்ந்த மறுநாளே படுத்துவிடுவார். ஆகையால் இவர் காலையில் நடக்கப் போகிற நேரமெல்லாம் எனக்கு ஷெட்டில் வேலை வந்துவிட்டது. காதும் காதும் வைத்த மாதிரி போவேன். பெரியவர் கீழே தொங்குவார்; மேலே ஏற்றுவேன். கரண்டில் ஓடுகிற வட்ட ரம்பம் சுவரில் சாய்ந்து தரையில் நிற்கும். அதையும் மூச்சைப் பிடித்துத் தூக்கி மேலே மாட்டுவேன். ஒருநாள் கோபக்காரனைக் காணவே இல்லை. தேடித் தேடிப் பார்த்தால், வேலை மேஜைக்கு அடியில் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால், என் பழைய பச்சைத் துண்டில் சுற்றிக் கிடந்தது. பிள்ளையைப் போல மெஷினைத் துணியில் சுற்றிப் படுக்க வைத்திருக்கிறாரே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்புறம் அதையும் எடுத்து மேலே மாட்டிவிட்டு, துண்டைத் துவைத்துக் காயப்போட்டேன்.

பேர் தெரியாதவளுக்கு அந்தக் கறுப்புக் கோடுகள் போதும். உருவத்துக்குள் உருவத்தை வைக்க வேண்டியதுதானே.

ஆனால் நான் ஒழுங்குபடுத்தப் படுத்த, அவர் மோசமாகிக்கொண்டே போனார். சமையலறை அலமாரிக் கதவு ஒரு கீலில் தொங்கியது. சொன்னால், "பாக்கலாம்" என்றார். இந்த மனுஷன் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. வேலிச் செடி தாறுமாறாக வளர்ந்து, டீச்சர் அந்தப் பக்கமிருந்து, "என்னங்க, உங்க வேலி தலை வாராம நிக்குது" என்று கிண்டல் செய்தார். இவர் பிளேடு மழுங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டார். சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்தி எதையோ யோசிப்பார். நான் பார்ப்பது தெரிந்தால் சட்டென்று தலையைக் குனிந்துகொள்வார்.

ஒருநாள் கேட்டார்: "நீ ஷெட்டுக்குள்ள வந்தியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாட்டிக்கொண்டேனே என்கிற பயத்தில் கோபம் முந்திக்கொண்டது. என் சுபாவம் அது. பயம் வந்தால் கத்துவேன்.

"எனக்கு வேற வேலை இல்லையா? உங்க சுத்தியலுக்கும் ரம்பத்துக்கும் நான் ஆயா வேலை பாக்கணுமா?"

அவர் திரும்பிப் போய்விட்டார். பிறகு ஒரு மத்தியானம், நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்று மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை குரலில் அதிகாரமே இல்லை.

"கோவிச்சுக்காத. தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். நீ எதையும் எடுக்கல, மாத்தல, இல்ல?"

"சத்தியமா இல்லைங்க" என்றேன். இவ்வளவு கெஞ்சிக் கேட்கிறாரே என்று ஒரு நிமிஷம் மனசு இளகியதுதான். ஆனால் உண்மையைச் சொன்னால், உங்களுக்கு மறதி வந்துவிட்டது, நான்தான் மூடி மறைக்கிறேன் என்றும் சொல்ல வேண்டுமே. அதை எந்த வாயால் சொல்வது? அவர் தலையை ஆட்டினார். முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வந்தான். அவன் வீட்டில் ஒரு ஷெல்ஃப் மாட்ட வேண்டும், அப்பாவின் டிரில்லிங் மெஷின் வேண்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். சாக்கு என்பது எனக்குத் தெரியாதா, நான் பெற்றவன். போனில் அப்பாவின் பேச்சு சரியில்லை என்று அவனுக்கு மூக்கில் வேர்த்திருந்தது. நேரில் வந்து கண்கொத்திப் பாம்பாக அவரையே கவனித்தான்.

அவர் காலையில் நடந்துவிட்டு வந்ததிலிருந்து ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. நான் அதற்கு முன்பே போய் எல்லாவற்றையும் சரியாக மாட்டிவிட்டிருந்தேன். இன்றைக்கு ஒரு நாளைத் தாண்டிவிட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டே மகனுக்குப் பின்னால் போனேன்.

"அப்பா, அந்தப் பெரியவரை எடுங்க" என்றான் மகன்.

அவர் பலகை முன்னால் நின்றார். பெரியவர் நேர் மேலே தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். கையைத் தூக்கவே இல்லை. நின்றார், நின்றார், அப்படி நின்றார். பேர் மறந்துவிட்டது, எது பெரியவர் என்றே தெரியவில்லை, முடிந்தது கதை என்று நினைத்தேன். மகன் திரும்பி என்னைப் பார்த்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"நீயே எடுத்துக்கோடா" என்றார் அவர். "அதை மட்டும் இல்ல. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போ."

மகன் கையை நீட்டி மெஷினை இறக்கினான். வயர் கீழே தொங்கியது. நுனியில் பிளக் இல்லை. ஒட்ட நறுக்கியிருந்தது. நான் மற்றதைப் பார்த்தேன். கோபக்காரன், வட்ட ரம்பம், செடி வெட்டுகிற மெஷின், எதற்கும் பிளக் இல்லை. மேஜையில் ஒரு தகர டப்பாவில் அத்தனை பிளக்கும் கிடந்தன. பக்கத்தில் கட்டிங் பிளேயர்.

"என்னங்க இது?" என்றேன்.

"காலையில நான்தான் வெட்டினேன். நல்லா இருக்கும்போதே வெட்டிடணும்ல. நாளைக்கு நான் பாட்டுக்கு மறந்துபோய் மாட்டிட்டு, உன் கையையோ என் கையையோ எடுத்துட்டா?" மேஜையில் சாய்ந்து நின்று தரையைப் பார்த்துப் பேசினார். "அண்ணனுக்கு வந்தது எனக்கு வந்துடுச்சு. கீழ மாட்டறேன், மறுநாள் மேல தொங்குது. தரையில வச்சது சுவத்துல இருக்கு. யார் வந்து மாத்தறா? பேயா வருது? நான்தான் மாத்தறேன். மாத்தினது நினைவே இல்ல. வச்ச இடம் மட்டும் நல்லா நினைவிருக்கு, பாரு. அதுதான் வேடிக்கை."

எனக்குத் தலையில் இடி விழுந்தது.

"கீழ... ஏன் கீழ மாட்டினீங்க?" என்று கேட்டேன்.

"வலது தோள் தூக்க முடியல. ஏணியிலேர்ந்து விழுந்ததுலேர்ந்து. காதுக்கு மேல கை போகாது. சொன்னா இவன் எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவான்னு சொல்லல. கனமானதையெல்லாம் இடது கையால மெல்ல இறக்கி, கைக்கு எட்டற மாதிரி கீழ வச்சுக்கலாம்னு பாத்தேன்." மகனைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். "இப்ப எதை மறைச்சு என்ன ஆகப் போகுது."

மறதி இல்லை. தோள் வலி. ஒரு தோள் வலிக்காகத்தான் நான் காலையில் எழுந்து, முக்காலி போட்டு ஏறி, என் புருஷனைப் பைத்தியமாக்கிக்கொண்டிருந்தேன்.

"நான்தாங்க மாத்தினேன்" என்றேன். "தினமும் நான்தான் எடுத்து மேல மாட்டினேன். உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க."

அவர் என்னைப் பார்த்தார். இரக்கத்தோடு பார்த்தார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

"விடு. எனக்காகப் பொய் சொல்லாத."

"பொய் இல்லைங்க."

"நான் கேட்டப்போ சத்தியம் பண்ணினியே. உளிக்கும் திருப்புளிக்கும் வித்தியாசம் தெரியாதவ, இத்தனை சாமானையும் இடம் பாத்து மாட்டினாளாம். நல்ல கதை."

மகன் என் தோளில் கை வைத்தான். "அம்மா, போதும்மா. இன்னும் எவ்வளவு நாள் அப்பாவை மூடி மறைக்கப் போற?"

இரண்டு பேரும் என்னை நம்பவில்லை. வாழ்நாளில் ஒரு முறை உண்மையை நேராகச் சொல்கிறேன், அது பொய்யாகிப் போகிறது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மகன் கையைத் தட்டிவிட்டேன். அவனிடமிருந்து பெரியவரைப் பிடுங்கி, ஸ்பேனரை எடுத்துவிட்டு, கீழ் வரிசையில் அதன் கோட்டுக்குள் மாட்டினேன்.

"முதல்ல இதை இங்க வச்சிருந்தீங்க. ஸ்பேனரை எடுத்து மேஜை டிராயர்ல போட்டிருந்தீங்க. இல்லையா?"

நான் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறி, வட்ட ரம்பத்தை இறக்கினேன். அதைச் சுவர் ஓரமாகத் தரையில் நிறுத்தினேன்.

"இது இங்க நின்னுச்சு. பிளேடு சுவத்தைப் பாத்து. அடியில ஒரு அட்டை போட்டிருந்தீங்க."

அவர் மேஜையிலிருந்து நிமிர்ந்தார்.

"கட்டிங் மெஷின்?" என்று மெதுவாகக் கேட்டார். "அதை ஒரு தடவை எங்க வச்சேன்?"

நான் கோபக்காரனை எடுத்தேன். வயர் முழுக்க என் கையில் சுற்றிக்கொண்டது. மண்டிபோட்டு மேஜைக்கு அடியில் நுழைந்து, பெயிண்ட் டப்பாக்களை நகர்த்தி, பின்னால் வைத்தேன்.

"இங்க. என் பச்சைத் துண்டுல சுத்தி. பிள்ளை மாதிரி சுத்தி வச்சிருக்கீங்களேன்னு இங்கயே உக்காந்து அழுதேன். துண்டைத் துவைச்சுட்டேன். அலமாரியில இருக்கு, வேணும்னா போய்ப் பாருங்க."

மேஜைக்கு அடியிலிருந்து எழ முடியவில்லை. முழங்கால் பிடித்துக்கொண்டது. மகன்தான் தூக்கிவிட்டான். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இடது கையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. கையை எடுத்த பிறகுதான் அழுகை என்று தெரிந்தது.

"தூசி போகாம இருக்கட்டும்னு சுத்தினேன்" என்றார். "துண்டையும் காணலைன்னதும், துண்டுன்னு ஒண்ணு இருந்ததே என் கற்பனைன்னு நினைச்சேன்."

நான் அவர் பக்கத்தில் போனேன். மன்னிச்சுடுங்க என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, எனக்கே ஞாபகம் இல்லை. அவர் என் கையை இழுத்து அவர் மடியில் வைத்துக்கொண்டார். கோபமாகத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"நான் உன்கிட்ட ரெண்டு தடவை கேட்டேனே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார்.

மகன் அன்று எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போவதாகச் சொன்னான். ஷெட் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிளக்காக மாட்டினான். அவர் ஸ்டூலில் இருந்தபடி, இந்த வயர் இந்தப் பக்கம், இதை இன்னும் இறுக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாயந்திரம் டீச்சர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "பிளேடு சாணை பிடிச்சாச்சா?" என்று கேட்டார். செடியை மகன் வெட்டினான். இவர் நின்று குறை சொன்னார். பிறகு அவனை விட்டே பலகையில் மேல் வரிசை முழுவதையும் சுரண்டி, பெரியவரையும் கோபக்காரனையும் கீழே வைத்துப் புதிதாகக் கோடு போட்டார். நான் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூடியைத் திருப்புளியால்தான் திறந்தேன். அதை அவர் கவனித்தார்.

மறுநாள் அவர் நடக்கப் போனபோது நான் ஷெட் பக்கமே போகவில்லை. அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, நேரே ஷெட்டுக்குப் போனார். பிறகு வந்து வாசலில் நின்றார்.

"ஷெட்டுக்குள்ள வந்தியா?"

"வரலைங்க" என்றேன்.

வராததுதான் உண்மை. ஆனாலும் அவர் அங்கேயே நின்று என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.